கேக்கு வீட்டுக்கு அடுத்த வீடு

தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் என் முகவரியைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. நகரின் பெயரும் மனை எண்ணும் பத்திரத்தில் மட்டும்தான் இருக்கின்றன. குத்துக்கல்வலசைப் பக்கம், கேக்கு வீட்டுக்கு அடுத்த வீடு என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான நாளிலிருந்து நான் அங்கே குடியிருக்கிறேன். நேற்று முளைத்த ஒரு கட்டடம் எனக்கு விலாசமாகிவிட்டது. அதைவிடப் பெரிய கொடுமை, அந்தக் கேக்கு வீடு என் சொந்தத் தம்பியுடையது.

பெயர் வைத்தது கொத்தனார்கள் என்று நினைக்கிறேன். சுவரெல்லாம் ரோஸ் பெயிண்ட், ஓரமெல்லாம் வெள்ளை வளைவு, மாடிக்கு மேல் மாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போய் உச்சியில் ஒரு குமிழ். மெழுகுவர்த்தி குத்தி ஊதாததுதான் பாக்கி. தெருவுக்கு ஒரு வீடு இப்படி இருந்தால் வேடிக்கை என்று விட்டுவிடலாம். எங்கள் பகுதியில் வரிசையாக நிற்கின்றன, ஒன்றைப் பார்த்து ஒன்று ஈயடிச்சான் காப்பி. முன்பக்கம் எப்படித் தெரிகிறது என்பதற்கு எல்லோரும் சொல்லும் வார்த்தை எலிவேஷன். எங்கள் ஊரில் இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். ஒருவர் எலிவேஷனில் நாலு தூண் வைத்தால் எதிர்வீட்டுக்காரர் ஆறு வைப்பார். தூண் கூடிப்போன வீட்டுக்கு மண்டபம் என்று பெயர். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தவருடைய வீடு நகைக்கடை. கட்டி முடித்த கையோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்களுடையது பூட்டு பங்களா. நானும் என் வீட்டுக்காரரும் சாயங்காலம் நடக்கப் போகும்போது இந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அடுத்தவன் வீட்டுக்கு வைத்த வரையில் பட்டப்பெயர் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியறை போகிற வண்டியில் பல வருஷம் ஓடினார். ஓய்வு பெற்றபோது அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கி எனக்கொன்று, தம்பிக்கொன்று என்று எழுதி வைத்தார். என் மனையில் நாங்கள் ஒரு சாதாரண வீடு கட்டினோம். தம்பி குடும்பத்தோடு துபாய்க்குப் போய்விட்டதால் அவன் மனை சும்மா கிடந்தது. அதில் அம்மா கத்தரியும் வெண்டையும் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தெருவைப் பார்த்த ஜன்னல். போகிற வருகிறவர்கள் எல்லாம் கண்டக்டர் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

தம்பிக்குப் போதவில்லை. அப்பா மகள் வீட்டில் இருக்கிறார் என்று யாரோ அங்கே அவன் நண்பர்கள் மத்தியில் பேசியிருக்கிறார்கள். மகன் இருக்க மகள் வீட்டில் சாப்பிடுவதா என்கிற அந்தப் பழைய பேச்சு துபாய்க்கும் விமானம் ஏறிப் போகும் போலிருக்கிறது. அடுத்த வாரமே அவன் தன் மனையில் வீடு கட்ட ஒரு புரமோட்டரைப் பிடித்துவிட்டான். அந்த ஆள் கோயம்புத்தூர்ப் பக்கம். கைபேசியில் நாலைந்து படம் வைத்திருந்தார். ஓட்டலில் சாப்பாட்டு அட்டையைக் காட்டி இதில் எது வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டார். தம்பி விரலை வைத்தது இந்த ரோஸ் வீட்டில்.

வரைபடத்தை எனக்கும் அனுப்பினான். நான் எலிவேஷனைப் பார்க்கவில்லை. அப்பா எங்கே படுப்பார், கக்கூசுக்கு எப்படிப் போவார் என்று மட்டும் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர், பஸ்ஸில் நின்று நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஐந்து படுக்கையறையில் நாலு மாடியில் இருந்தன. கீழே இருந்த ஒன்றின் குளியலறைக்கு உள்ளே போக இரண்டு படி இறங்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. நடுக்கூடத்தின் கூரை மாடி வரைக்கும் திறந்து கிடந்தது. மேற்குப் பக்கம், தரையிலிருந்து அந்தக் கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. அப்பா மலையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்று தம்பி சொன்னான்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது, சரி. இவன் இந்த மண்ணில் பிறந்தவன்தானே. குற்றாலத்துச் சாரல் மேலேயிருந்து விழுகிற மழையா? மலையிலிருந்து காற்றோடு படுக்கைவாட்டில் வந்து அடிக்கும். அதனால்தான் எங்கள் ஊரில் மேற்குப் பக்கம் சின்ன ஜன்னல் வைத்து அதன் மேல் அகலமாகச் சன்ஷேடு இழுத்து விடுவார்கள். சாரலில் நனைந்து பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன், சாரல் வருகிற வாசலைப் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறான். நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன். அக்காவுக்குப் பொறாமை என்று அவன் மனைவி நினைத்துவிடக் கூடாதே என்று வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன். எல்லாம் இந்தக் காலத்துக் கண்ணாடி, ஒரு சொட்டு உள்ளே வராது என்று பதில் வந்தது. அப்பாவிடம் போய் நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவன் ஆசைப்படுகிறான், கட்டிவிட்டுப் போகட்டும் என்றார். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினாலும் உள்ளே போங்க, உள்ளே போங்க என்று இடம் பண்ணிக் கொடுத்துப் பழகியவர். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

புதுவீட்டுப் பால் காய்ச்சுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்களோ இல்லையோ, வரிசையில் நின்று மாடி ஏறி ஒவ்வொரு குளியலறையாகத் திறந்து பார்த்தார்கள். என் பெரியம்மா மட்டும் கீழேயே நின்று, இதை யார் தினமும் பெருக்குவது என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பில் பால் பொங்கியதும் தம்பி அப்பாவைக் கூடத்தின் நடுவில் சோபாவில் உட்கார வைத்தான். கழுத்தில் துண்டு போட்டான். எல்லோரும் கேட்கிற மாதிரி, இது அப்பாவுக்காகக் கட்டிய வீடு என்று சொன்னான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்றுவரை அவனை முழுசாகத் திட்ட முடியவில்லை. அப்பா கூச்சத்தில் துண்டை இழுத்து இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

தம்பி விமானம் ஏறுவதற்கு முன் அப்பாவின் கட்டிலையும் துணிகளையும் என் வீட்டிலிருந்து அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். அப்பா சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவார், மற்ற நேரமெல்லாம் அங்கே. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். காலையில் என் வீட்டு வேலையை முடித்து, அந்த வீட்டுக்கும் ஓடி, அப்புறம்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஆள் புழங்காத வீட்டில் என்னென்ன வேலை இருக்கும் என்று கட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாடியில் இருக்கிற கக்கூஸ் ஒவ்வொன்றிலும் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் விட்டால் கோப்பையில் தண்ணீர் வற்றிக் கீழேயிருந்து நாற்றம் ஏறிவிடும். ஐந்து படுக்கையறை வீட்டின் அருமை பெருமை எனக்குத் தெரிந்தது வாளியோடு அந்த மாடிப்படி ஏறும்போதுதான். வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவன், கூட்டிப்பார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. முதல் காற்றிலேயே அந்தக் கண்ணாடியின் விளிம்பெல்லாம் கசிந்து கூடத்தில் தண்ணீர் நின்றது. பளபளவென்று இழைத்த டைல்ஸ், மேலே ஒரு படலம் தண்ணீர். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். நான் கோணிச்சாக்கும் பழைய போர்வையும் விரித்தேன். அது காய்வதற்குள் அடுத்த சாரல். ஒரு நாள் அறையில் அப்பாவைக் காணாமல் பதறிப்போய்த் தேடினேன். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவவும் பொங்கிச் சமைக்கவும் தகரம் போட்டு ஒரு இடம் விட்டிருப்பார்களே, கேரளத்துப் பழக்கத்தில் அதற்கு எங்கள் பக்கமும் ஒர்க் ஏரியா என்றுதான் பெயர். அங்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தரை சிமெண்டு, வழுக்கவில்லை. பக்கத்தில் வெளிக் கக்கூஸ், படி கிடையாது. இங்கன நல்லாத்தாம்ட்டி இருக்கு என்றார். அப்படியாக, எங்கள் தெருவிலேயே பெரிய வீட்டின் ஒரே ஆள் அதன் புறவாசலில் குடியிருந்தார்.

அது தம்பிக்குத் தெரிந்துவிட்டது. திருட்டுப் பயத்துக்கு என்று கூடத்திலும் பின்னாலும் கேமரா வைத்திருந்தான். அது வெறுமனே பார்க்கிற கேமரா இல்லை, பேசுகிற கேமரா. நான் ஒரு நாள் புறவாசலில் வாளி கழுவிக்கொண்டிருக்கும்போது தகரத்துக்கு அடியிலிருந்து திடீரென்று தம்பியின் குரல் வந்தது. அப்பா, ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஹாலில் சோபாவில் போய் உட்காருங்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றது. அப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கூரையைப் பார்த்து, இந்தாப் போறேம்ப்பா என்றார். பஸ்ஸில் செக்கர் ஏறினால் கண்டக்டர்கள் இப்படித்தான் எழுந்து நிற்பார்கள். எனக்கு அந்தக் கேமராவைப் பிய்த்துச் சாக்கடையில் எறிய வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு அதன் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டேன். சாயங்காலமே போன் வந்தது, படம் தெரியவில்லை என்று.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அடுத்த சீசனுக்கு முன்னால் தம்பி ஒரு யோசனையோடு பேசினான். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் கிடைப்பதில்லை, எங்கள் பகுதியில் பூட்டிக் கிடந்த வீடுகளையெல்லாம் காட்டேஜ் என்று போர்டு மாட்டி வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி இருக்கிறது, கண்ணாடியைச் சரிபண்ணவாவது அதில் கொஞ்சம் வரட்டுமே என்றான். முதலில் அவன் நண்பர் குடும்பம் ஒன்று மட்டும் என்றான். பிறகு நண்பரின் நண்பர். பிறகு கைபேசியில் எங்கோ வீட்டைப் பதிந்துவிட்டான். மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வேன் வேனாக வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் சமையல் ஆளோடு, அண்டா குண்டாவோடு வருகிறவர்கள். அருவியில் குளித்துவிட்டு வந்ததும் கறிச்சோறு ஆக்க வேண்டும். அதற்குத் தோதான இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், தகரம் போட்ட புறவாசல்.

கட்டிலை எடுக்க வேண்டும் என்று தம்பி சொன்ன அன்று நான் கத்திவிட்டேன்.

“அந்த மனுசன் இனி எங்கன படுப்பாருன்னு நெனச்சுப் பாத்தியாலே?”

“ஒன் வீட்டுல படுக்கட்டும்க்கா. சீசன் முடியுத வரைக்கும்தான. அப்பாவே சரின்னு சொல்லிட்டாங்க. நீ எதுக்குக் கெடந்து சத்தம் போடுத?”

அப்பா சரி என்றுதான் சொல்லியிருந்தார். அவர் என்றைக்குச் சரியில்லை என்று சொன்னார்? ஊர் கூட்டிச் சொன்ன வீடு அறையாகி, அறை புறவாசலாகி, அதுவும் இல்லை என்றானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எங்கள் வீட்டு முன்னறையில் அதற்குள் என் மகள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகமும் மேசையுமாக அறை நிறைந்திருந்தது. அவளைக் கிளப்புகிறேன் என்றேன், அப்பா விடவில்லை. கூடத்தில் டிவிக்குக் கீழே கட்டிலைப் போட்டோம். பகலில் நாங்கள் நடமாட இடைஞ்சலாக இருக்கும் என்று அவரே காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிக் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்டு எழும்பிய காலைகளில் என் மனசு பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் தம்பியிடம் சண்டைக்குப் போவார். சண்டை போட்டால் அப்பா சாப்பிடமாட்டார்.

கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் போகிற இடம் தம்பி வீட்டு வாசல். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். மோட்டார் போடுவார், தொட்டி நிரம்பினால் நிறுத்துவார். வேனைப் பின்னால் எடுக்கும்போது நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி, வரலாம், வரலாம், ஸ்டேரிங்கை ஒடிங்க என்று வழி சொல்வார். ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று கேட்டால் விவரமாகச் சொல்வார். வேலை செய்த காலத்து முகம் அவருக்குத் திரும்பி வந்தது போல இருந்தது. போகட்டும், பொழுது போகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். தம்பி கேமராவில் பார்த்திருப்பான். அதற்கு மட்டும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. நான் எங்கள் பக்கத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்த ஒரு வேன் அங்கே நின்றது. தலையில் துண்டைச் சுற்றிய ஒரு இளம்பெண் இறங்கி உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வரவில்லை என்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

“தாத்தா, நீங்கதான் இங்க வாட்ச்மேனா?”

நான் கையில் இருந்த ஈரச்சேலையோடு நின்றேன். அப்பா இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

“ஆமாம்மா. ஹீட்டர் சுவிட்சு மாடிப்படிக்குக் கீழ இருக்கு. வாங்க, காமிக்கேன்.”

வீட்டுக்காரர்கள் யாரும் இங்கே இல்லையா என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கார் என்று அப்பா சொன்னார். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் பின்னால் உள்ளே போனார்.

அவர் வெளியே வரும்வரை நான் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றேன். தம்பியைக் கேட்க வேண்டிய கேள்வி, அவனை வைய வேண்டிய வசவு எல்லாம் வாயில் வரிசை கட்டி நின்றது. அவன் எதிரில் இல்லை. எதிரில் வந்தவர் அப்பா. பாவி நான், அவர் மேல்தான் பாய்ந்தேன். வாட்ச்மேன் என்று எப்படிச் சொல்லலாம், இந்த இடத்தை வாங்கிப் போட்டதே நீங்கள்தானே, இது என் மகன் வீடு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டேன். என் குரல் வேன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா வேன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வந்தார். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். கோபமோ வருத்தமோ அவர் முகத்தில் இல்லை.

“மவன் வீடுன்னு சொன்னா, பொறவு ஏன் தாத்தா வெளிய உக்காந்திருக்கீங்கன்னு அந்தப் புள்ள கேக்கும். அதுக்கு நான் என்னன்னுட்டி சொல்லுவேன்?”